மதகுச் சாவிக்காரர்

2003 மார்ச்சில், ஈராக் போர் விஷயத்தில் அமெரிக்காவும் பிரான்சும் ஐ.நா. சபையில் வெளிப்படையாக மோதிக்கொண்டன. ஆனாலும் தீவிரவாதிகளைப் பற்றிய தகவல்களை மட்டும் பகிர்ந்துகொண்டிருந்தன. அது எப்படி என்று உத்திரமேரூர் டீக்கடையில் கேட்டார்கள். கேட்டது என்னைத்தான். செய்திகளைத் தேதிவாரியாக வெட்டி ஒட்டிய நோட்டு என்னிடம்தான் இருந்தது.

நான் அதைப் புரட்டிக்கொண்டிருக்கையில் ஏரி நீர்க்கட்டி டீ குடிக்க வந்தார். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. காலில் காய்ந்த சேறு, காதில் பீடி. அரைஞாணில் தொங்கிய மதகுச் சாவியை ஒரு கை தடவிக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் கேள்வியைச் சொன்னதும், “இதுல இன்னா கீது நைனா?” என்றார். “எங்களுக்கும் பக்கத்து ஊருக்கும் தண்ணித் தகராறு, கோர்ட்ல கேஸ் நடக்குது. ஆனா பம்புசெட் மோட்டார் திருடன் வந்தா, எந்தப் பக்கம் ஓடறான்னு அவங்களுக்குக் கூவிச் சொல்லுவேன். அவங்களும் சொல்லுவாங்க. அதுக்காக மதகுச் சாவியக் குட்த்துடுவனா?”

கடையே சிரித்தது. “நோட்ட மூடு சார், மேட்டர் முடிஞ்சுபோச்சு” என்றார் டீக்கடைக்காரர்.

பொறாமையில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பதினெட்டு மாதங்களாக நான் வெட்டி ஒட்டியதை, டீ ஆறுவதற்குள் அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அவர் பேச்சைத் தேதி போட்டு எழுதினேன். சொன்னவர் பெயருக்கு இடம் விட்டேன். அதன்பின் எத்தனையோ நாள் அவரைக் கடையில் பார்த்தும் பெயரைக் கேட்கவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.