அறுபத்திரண்டு கையெழுத்துக்கு மேலே

"காது சூடா கீதே" என்று சவுரியம்மாள், செய்தி எழுதப் போன என் காதைப் பிடித்துப் பார்க்கிறார். நான் மாடில்லை. ஆனால் அவர் பால் சங்கத்தில் இருபது வருஷமாகப் பால் அளப்பவர். காய்ச்சல் கண்ட மாட்டைக் காதைத் தொட்டே கண்டுபிடித்துப் பழகிய கை. அதற்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. "வெயில்ல வந்தீங்களா? தண்ணி குடிங்க" என்கிறார். நான் சொம்பைத் தேடுவதற்குள் அடுத்த கேனுக்குப் போய்விட்டார்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்துச் சிற்றூர். வயது ஐம்பத்தொன்று. எட்டு வருஷத்துக்கு முன் கோமாரி நோயில் நான்கு மாடுகளைப் பறிகொடுத்தவர். "வாயெல்லாம் புண்ணு சார். கடைசி வரைக்கும் என்னயே பாத்துனு இருந்துச்சு" என்கிறார்.

அந்தக் கிருமியையும் அதைவிடப் பொல்லாததையும் வைத்து ஆராயும் உயர்பாதுகாப்புக் கூடம் ஒன்று இவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில் வரப்போகிறதாம். "கதவுக்கு மேல கதவாம், காத்தைக் கூட வடிகட்டித் தான் வுடுவாங்களாம். கரண்ட்டு போனா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். ஜெனரேட்டர் கீதுன்னாங்க. எங்க பால் சங்கத்துலயும் தான் கீது. டீசல் தான் இல்ல."

பிறந்த வீடு ஆம்பூர்ப் பக்கம். "தோல் டேனரித் தண்ணி ஒரு சொட்டு வெளிய வராதுன்னு தான் அப்பவும் சொன்னாங்க. எங்கப்பா கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு."

பால் ஊற்ற வந்த பாண்டியன், "லேப்பு வந்தா நாலு பேருக்கு வேலை கெடைக்கும்க்கா, நோயும் சீக்கிரம் தெரியும்" என்றார். அவ்வளவுதான். "லேப்பே வேணாம்னு எவ சொன்னா? மாடு மேயற எடத்துல வேணாம். எங்கள கேக்காம வேணாம்!"

காகிதத்தில் கேட்டாகிவிட்டது என்பதுதான் இடி. மே தினக் கிராம சபைக்கு ஆள் சேராது என்று, "வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க, நம்ம ரோட்டு வரும்" என ஊரையே இழுத்துப்போனவர் சவுரியம்மாள்தான். வழக்கமே அப்படி. வந்ததற்கு முதலில் கையெழுத்து, தீர்மானத்தை அப்புறம் நிரப்பிக்கொள்வார்கள். ஜூலையில் நகல் கைக்கு வந்தது. அறுபத்திரண்டு கையெழுத்துக்கு மேலே, ஆய்வுக்கூடத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. முதல் கையெழுத்து சவுரியம்மாளுடையது.

அன்றிலிருந்து மனுஷிக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசுக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று. வீடு வீடாகப் போய், "தப்பு என் மேல தான்" என்கிறார். "நீ கூப்ட்டன்னு தானே வந்தோம்" என்று எதிர்வீட்டுக் கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நினைத்து நினைத்து மருகுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதியவன் நிம்மதியாகத் தூங்க, ஏமாந்தவள் ஏன் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டு அலைய வேண்டும்?

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு நானும் போயிருந்தேன். "மொதல்ல கையெழுத்து போடுங்கக்கா, அப்புறம் எழுதிக்கலாம்" என்று ஊராட்சி எழுத்தர் நோட்டை நீட்டினார்.

"எழுது. படி. அப்புறம் போடறோம்" என்றார் சவுரியம்மாள்.

பழைய தீர்மானம் எங்களுக்குத் தெரியாமல் எழுதப்பட்டது, மேய்ச்சல் நிலத்தில் கூடம் வேண்டாம் என்று எழுதவைத்து, உரக்க இரண்டு தரம் படிக்கவைத்தார். கடைசி வரிக்கும் கையெழுத்துப் போடும் இடத்துக்கும் நடுவே நான்கு விரல் அகலம் காலியாக இருந்தது. எழுத்தரிடமிருந்து பேனாவை வாங்கி, அந்தக் காலி இடத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்தார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி இழுத்தார். பிறகு தன் பெயரைப் போடாமல் நோட்டைக் கமலத்தின் மடியில் வைத்து, "நீயே ஒரு தடவ படிச்சிட்டுப் போடு" என்று பேனாவை நீட்டினார்.