மாப்பிள்ளை தேடிய பட்டியல்

1999-ஆம் ஆண்டு. மலாக்கா தெங்கேராவில், கடைவீட்டு மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை செய்துகொண்டிருந்தேன். இணையம் அப்போது எல்லாருக்கும் புதுசு. எனக்கோ எல்லாம் தெரியும் என்ற திமிர்.

ஓர் இளைஞர் மன்றத்தினர் பெம்பான் பக்கத் தோட்டங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, ரத்ததானம் செய்யச் சம்மதித்த அறுநூறு பேரின் விவரங்களைச் சேகரித்திருந்தார்கள். அவசரத்துக்கு ரத்தம் தேடுகிறவர்களுக்காக அதை இணையப் பக்கமாக்குவது என் வேலை. அவர்கள் நிரப்பி வாங்கி வந்த பாரங்களை, அதாவது படிவங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் எங்கள் ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி அக்கா. புலாவ் செபாங்கிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எல்லாம் ஏறியதும், இனி எதற்கு இந்தக் குப்பை என்று பாரங்களைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்தவன் நான்தான்.

சனிக்கிழமை மன்றத்தார் பார்க்க வருவதாக இருந்தது. வியாழன் காலை, சிங்கப்பூருக்குக் குடிபோய்விட்ட ஒருவரின் பெயரை நீக்க பக்கத்தை இயக்கும் நிரலில், ஸ்கிரிப்டில், ஒரு வரி சேர்த்தேன். யாரை நீக்குவது என்ற நிபந்தனையை எழுத மறந்துவிட்டேன். பட்டனை அழுத்திவிட்டுப் பார்த்தால், பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. பிரதி எடுத்து வைக்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது. வெயிலில் அலைந்த அந்தப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகையே வந்தது.

என்ன ஆச்சு என்று அக்கா கேட்டார். சொன்னேன். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு மடிப்புத் தாள் கட்டை எடுத்தார்.

"பாஸ்கிட்ட சொல்லிடாத லா, தம்பி. போன வாரம் பிரிண்ட் எடுத்தேன். தங்கச்சிக்கு மாப்ள பாக்குறோம்ல? வயசு, வேலை, ஊரு எல்லாம் இதுல இருக்கே!"

அறுநூறு பேரும் இருந்தார்கள். ரத்த வகையோடு! போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் மாறி மாறித் தட்டி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடித்துவிட்டோம்.

ஆங்காங்கே பெயர்களுக்கு நேரே பென்சில் டிக் இருந்தது. மன்றத்தார் வேலை கொடுக்க ஆபீசுக்கு வந்தபோது நானும் ஒரு பாரம் நிரப்பிக் கொடுத்ததால், பட்டியலில் நானும் உண்டு. வியாழன் காலை என் பெயருக்கும் ஒரு டிக் இருந்தது; வெள்ளி மாலை பார்த்தால், அக்கா அதைப் பென்சிலால் அடித்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று நான் செய்து வைத்த காரியத்துக்கு யார்தான் நம்பிப் பெண் கொடுப்பார்கள்?

இன்றைக்கும் எதையாவது நீக்கும் வரியை எழுதினால், அந்தப் பென்சில் கோடு கண்முன் வந்து நிற்கிறது. ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகுதான் பட்டன் மேல் கை போகிறது.