பாய்க்கு அந்தப் பக்கம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். பட்டப்பகலில், என் மகள் கூட இருக்கும்போது நடந்தது இது. நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்புவதுதான் என் வேலை. தர்பூசணியைக்கூட நாலு கடை ஏறி, தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். "சந்தேகப் பிராணி" என்று மனைவி வாய்க்கு வாய் சொல்வாள்.

என் மச்சினன் படகு ஓட்டும் கூட்டம் ஒன்றில் இருக்கிறான். விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக ஏரிக்குப் போய், சின்னப் பாய்மரப் படகுகளை ஓட்டுவார்கள். சில மாதமாக நானும் பழகியிருந்தேன். அன்று என் மனைவி தன் தம்பியின் படகில் ஏறிக்கொண்டாள். எனக்கும் பத்து வயது மகளுக்கும் கொட்டகைக் கோடியில் கிடந்த நீலப் படகு. மற்ற படகுகள் தேய்ந்து வெளுத்திருந்தன. இது மட்டும் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது.

"இதை ஏன் யாரும் எடுக்கறதில்ல?"

"ஆரம்பிச்சிட்டீங்களா அத்தான்? ஏறுங்க."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதை மனசில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். படகைத் திருப்பினால் பாயின் அடிக்கட்டை தலை உயரத்தில் விசுக்கென்று மறுபக்கம் பாயும். குனியாதவர் மண்டை காலி. காற்று குறைவான நாளில் முன்னால் இருப்பவர் பாய்க்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். பின்னால் சுக்கான் பிடித்துத் திருப்புகிறவர் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். அதனால் அந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம். பின்னால் இருப்பவர் "திரும்பவா?" என்று கேட்பார். முன்னால் இருப்பவர் குனிந்துகொண்டு "ஆச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் திருப்ப வேண்டும்.

"திரும்பவா?"

"ஆச்சுப்பா!"

முதல் தடவை ஒன்றுமில்லை. ஆனால் படகு சொன்ன பேச்சு கேட்கவில்லை. அதிக பாரம் ஏற்றியதுபோல் முன்பக்கம் அமுங்கியே போனது. மகளோ எலும்பும் தோலுமாக இருப்பவள். மச்சினன் படகு தூரத்தில் கடந்தது.

"அத்தான்! மூணாவது ஆளை எங்க புடிச்சீங்க?"

நக்கல் அடிக்கிறான் என்று நினைத்தேன்.

"திரும்பவா?"

"ஆச்சுப்பா."

திருப்பினேன். கட்டை பாய்ந்தது. மகள் வீல் என்று கத்தினாள்.

கீழே விழுந்த தொப்பியை எடுத்துக்கொண்டு அப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாள். கட்டை அவள் முடியை உரசிக்கொண்டு போயிருந்தது.

"ஆச்சுன்னு ஏன் சொன்ன?"

"நான் சொல்லவே இல்லப்பா..."

"பொய் சொல்லாத!"

அவள் கண் கலங்கியது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. எனக்குத் தெரியும்.

சரி, இது மச்சினன் வேலை. குரல் மாற்றிப் பேசி ஊரையே ஏமாற்றுகிறவன். எங்கேயோ போனை ஒளித்து வைத்திருக்கிறான். சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தவழ்ந்து போய், படகின் மூக்கில் சாமான் வைக்கும் அறையைத் திறந்தேன். பலகைக்கடியில் கைவிட்டுத் துழாவினேன்.

ஒன்றுமில்லை.

மகளை இழுத்து வந்து என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார வைத்தேன். ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். முன்பக்கம் இப்போது காலி. ஆனாலும்... படகு முன்னால்தான் அமுங்கியிருந்தது.

கரைக்குப் போக இன்னொரு தடவை திருப்பியாக வேண்டும்.

இந்தத் தடவை நான் கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

தண்ணீர் பலகையில் தட்டியது. ளொப்... ளொப்...

சுக்கானைத் தொட்டேன்.

"ஆச்சுப்பா."

பாய்க்கு அந்தப் பக்கமிருந்து.

என் மகளின் குரல்.

மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அவள் உதடு அசையவில்லை.

எப்படிக் கரை சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். இறங்கியதும் மச்சினன் சட்டையைப் பிடித்தேன். அவன் மழுப்பினான். அக்கா அழுவதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கிய படகாம். முதல் நாளே மகளோடு போயிருக்கிறார். திருப்பும்போது கட்டை அடித்து அந்தப் பெண் தண்ணீரில் விழுந்தாள். பிழைக்கவில்லை.

"தெரிஞ்சா ஏறியிருக்க மாட்டீங்க. அதான் சொல்லல, அத்தான்."

"அப்ப, அந்தப் பொண்ணோட குரலா?"

அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"'கேட்டுட்டுத்தான் திருப்பினேன், எம்பொண்ணு ஆச்சுன்னு சொன்னா'ன்னு அவர் இன்னிக்கு வரைக்கும் சத்தியம் பண்றாரு. ஆனா நாங்க பக்கத்துப் படகுலதான் இருந்தோம். அவ எழுந்து நின்னு எங்களைப் பார்த்து விசில் ஊதிக்கிட்டிருந்தா, அத்தான். ஒரே மூச்சா. கட்டை அடிக்கிற வரைக்கும் அந்த விசில் அவ வாயிலதான் இருந்துச்சு."