முருகேசனின் ஐம்பத்திரண்டு திருட்டுகள்

"சேச்சி, நான் எப்ப, எங்க, என்னத்தத் திருடினேன்? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

ஒரு திங்கட்கிழமை காலை கொச்சியின் கொச்சங்காடியில் எங்கள் அச்சக வாசலை அடைத்துக்கொண்டு முருகேசன் நின்றார். எழுபதுகளின் கடைசி அது. நான் அங்கே புரூஃப் ரீடர். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் பிழை பார்ப்பேன். ஆறு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லை என்ற கர்வம் எனக்கு இருந்தது.

முருகேசனை மட்டாஞ்சேரியில் தெரியாதவர் இல்லை. அப்பா முனிசிபாலிட்டி தொழிலாளி. இவர் ஜூ டவுனில் ஒரு மிளகு குடோனில் ஸ்டாக் கிளார்க். ஞாயிறுகளில் ஃபுட்பால். அந்த சீசனில் அவர் கோல் போடாத ஆட்டமே இல்லை. சாயாக் கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் தொங்கியது.

அவர் நீட்டியது நாங்கள் அடித்த மிட்டாய் கார்டு. முன்பக்கம் அவர் படம். பின்பக்கம் மலையாளத்தில் மூன்று வரி: ஆட்டம் 18. கோல் 31. மோஷணம் 52.

மோஷணம் என்றால் மலையாளத்தில் திருட்டு.

நடந்தது இதுதான். இடக்கொச்சியில் மிட்டாய் கம்பெனி வைத்திருந்த ஹாஜியாருக்கு, கப்பலில் வேலை செய்த மருமகன் ஒரு அமெரிக்க கார்டு கொண்டுவந்து கொடுத்தான். அங்கே மிட்டாயோடு பேஸ்பால் வீரர்களின் கார்டு தருவார்களாம், பிள்ளைகள் சேர்த்து வைப்பார்களாம். அந்தக் கார்டில் இருந்தவர் பெரிய ஆட்டக்காரர். அந்த வருடம் அவரைப்போல் ஆடியவர் எவருமில்லை என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு கணக்குப் பட்டியல்.

"இதே மாதிரி நம்ம முருகேசனுக்கு வேணும்" என்றார் ஹாஜியார்.

முதலில் மாதிரிக்கு ஒன்று கம்போஸ் செய்தோம். தலைப்புகளை நான் மலையாளத்தில் மாற்றிக் கொடுத்தேன். எண்கள் அமெரிக்கருடையவை. பட்டியலின் கடைசியில் 'ஸ்டோலன் பேஸஸ்' என்று இருந்தது. எதிரணி அசந்த நேரம் பார்த்து அடுத்த இடத்துக்கு ஓடிச் சேர்வதற்கு அப்படிப் பெயர் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பேஸ்பால் பார்த்தவர் எங்கள் அச்சகத்தில் யார்? டிக்‌ஷனரியைப் பார்த்து 'திருடப்பட்ட அடித்தளங்கள்' என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'மோஷணம்' என்று சுருக்கிவிட்டேன்.

முருகேசனின் கணக்கு வந்தபோது மேல் வரிகளை மாற்றினார்கள். கடைசி வரிக்கு எதுவும் வராததால் அது அப்படியே நின்றுவிட்டது. புரூஃப் என்னிடம்தான் வந்தது. மோஷணத்தில் எழுத்துப்பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி வர்கீஸ் சேட்டன் பழைய புரூஃபை எடுத்துப் பார்த்தார். கீழே என் கையெழுத்து. "விசாலம், எந்தா இது?" என்றார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெருவுல பிள்ளைங்க கள்ளன்னு கூப்பிடறது போகட்டும் சேச்சி," என்றார் முருகேசன். "குடோன்ல போன மாசம் மூணு மூட்டை கொறைஞ்சுது. மானேஜர் இந்தக் கார்டக் கையில வெச்சுக்கிட்டு, விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராதேன்னுட்டார்."

அமெரிக்க கார்டை எடுத்துக்கொண்டு அவரோடு குடோனுக்கு நடந்தேன்.

மானேஜர் ராமநாதய்யர் பாலக்காட்டுக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார்.

"சார், அது ஒரு விளையாட்டு. அதுல திருடறது தப்பில்லை. திருடினா கை தட்டுவா" என்றேன்.

"கை தட்டுவாளா? போலீஸ் கிடையாதோ அந்த ஊர்ல?"

"காசு பணம் இல்லை சார். பேஸைத் திருடுவா."

"பேஸ்னா என்ன?"

எனக்கே தெரியாது. கார்டின் படத்தைக் காட்டினேன். அமெரிக்கர் புழுதி பறக்கச் சறுக்கிக்கொண்டு, தரையில் வெள்ளையாக இருந்த எதையோ காலால் தொட்டுக்கொண்டிருந்தார். ராமநாதய்யர் கார்டைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏம்மா, இது சாக்கு மூட்டைன்னா!"

குனிந்து பார்த்தேன். சாக்கு மூட்டையேதான்.

"அம்பத்திரண்டு மூட்டை! நான் மூணுதான்னு நெனச்சேன்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முருகேசன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

வேறு வழி தெரியாமல், "ஸ்டாக் எண்ணிப் பாருங்கோ சார். நானும் கூட எண்றேன்" என்றேன். கூலிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே மூவரும் எண்ணினோம். முருகேசன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ராமநாதய்யர் சரிபார்த்தார். மத்தியானம் வரை எண்ணியும் மூன்று மூட்டை குறைந்தது.

"பின்னாடி ரூம் பாக்கியிருக்கு" என்றார் ஒரு கூலிக்காரர்.

"அங்கே ஒண்ணும் கிடையாது" என்று ராமநாதய்யர் அவசரமாகச் சொன்னார். அதற்குள் முருகேசன் கதவைத் தள்ளிவிட்டார்.

மூன்று மூட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு பனையோலை விசிறி.

யாருடைய தலையணை என்று ஒருவரும் கேட்கவில்லை. ராமநாதய்யர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்டாக் டாலி ஆயிடுத்து. முருகேசா, நாளைக்கு நேரத்துக்கு வந்துடு" என்றார்.

வர்கீஸ் சேட்டன் கார்டைத் திருத்தி மறுபடி அடித்தார். பிள்ளைகள் அதைத் தொடக்கூட இல்லை. மோஷணக் கார்டு ஒன்றுக்குத் திருத்திய கார்டு பத்து என்று பள்ளிக்கூட வாசலில் பரிமாற்றம் நடந்தது. மிட்டாய் விற்றுத் தீர்ந்துபோன சந்தோஷத்தில் ஹாஜியார், "அடுத்த கார்டுலயும் ஏதாவது தப்பு விடு மோளே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிராளியின் காலிலிருந்து முருகேசன் பந்தைத் தட்டிப் பறித்தபோது, மைதானமே "மோஷணம் அம்பத்திமூணு!" என்று கூவியது. அவரும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த மூட்டைகள் கிடைக்காமல் போயிருந்தால்?

அதற்குப் பிறகு எந்தப் புரூஃபையும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எழுத்துக்காக. இரண்டாம் தடவை, அதில் பெயர் இருக்கிற ஆளாக என்னை நினைத்துக்கொண்டு.

மறுவாரமே ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. மணப்பெண்ணாக உட்கார்ந்து படித்தேன். மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமனார் பெயர் இருந்தது.