அவள் தனியாகப் பறந்த ஏழு நிமிடம்

பத்மநாபசுவாமி கோவிலுக்குப் பக்கத்தில், பழவங்காடியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பா தொடங்கியது, இப்போது நான் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன்பு, விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் ஒரு ஃப்ளையிங் கிளப்பின் கேன்டீனுக்கு, டீக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவர் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. ஆட்டோவில் ஏற்றி நானே கொண்டுபோனேன். வாசலில் பாஸ் எழுதி உள்ளே விட்டார்கள். சமோவரை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினால், பத்தடி தூரத்தில் ஒரு சின்ன விமானம் நின்றுகொண்டிருந்தது. நாலு பேர் உட்காரலாம். பக்கத்தில் போய் அதன் உடம்பை விரலால் சுண்டிப் பார்த்தேன், தொழில் பழக்கம். அலுமினியம். கடையில் நான் விற்கிற இட்லிக் கொப்பரையின் சத்தம்தான் வந்தது. இதுவா மேலே போகிறது என்று நம்ப முடியவில்லை.

"சேட்டா, தட்டி நோக்கியது மதி. கேறி இரிக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தட்டிப் பார்த்தது போதும், ஏறி உட்காருங்கள் என்கிறார். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, கிளப்பில் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறவர்.

அன்று ஏறி உட்கார்ந்தவன்தான். அடுத்த மாதமே கிளப்பில் சேர்ந்தேன். கல்லாவுக்குப் பின்னால் வானிலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, குக்கர் கேஸ்கெட் கேட்டு வந்தவரிடம் மேக வகைகளை எண்ணியபடியே தவலையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டரை வருடத்தில் லைசென்ஸ் கையில் வந்தது.

கிளப் என்றால் பறப்பது மட்டும் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தரை வேலைக்கு முறை உண்டு. விமானத்தைக் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே எடுக்க வேண்டும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் துடைக்க வேண்டும், பறந்த நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பல் டாக்டர் ஒருத்தி, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற இரண்டு பேர், ஒரு கட்டட கான்ட்ராக்டர், நான். ஐந்து பேரும் டீ குடிக்கும்போது பேசுவது பெரும்பாலும் விமானத்தைப் பற்றியே இருக்காது. யார் எந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, யார் வீட்டில் எத்தனை நாள் பேச்சில்லை என்பதுதான்.

என் வீட்டிலும் அதே கதை. கடைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருக்கும் என் மனைவிக்கும் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. மகளின் பள்ளி ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அவள் ஆடுவது பதினோரு மணிக்கு. நான் ஒன்பதுக்குள் இறங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். காற்று திசை மாறியது, பெரிய விமானங்கள் வரிசையாக வந்தன; கிளம்பவும் இறங்கவும் எனக்கு முறை வரத் தாமதமானது. கீழே இறங்கிப் பள்ளிக்கு ஓடியபோது அரங்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் வேஷம் கலைக்காமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவி சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது சொன்னாள்: "அடுத்த ஞாயிறு நானும் வாரேன். அங்க அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும், கேட்டியளா."

அவளை முன்னால் வலப்பக்கம் உட்கார வைத்தேன். புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை ஓர் அட்டையில் வரிசையாக இருக்கும். எனக்கு மனப்பாடம் என்ற எண்ணத்தில் கடகடவென்று கையை ஓட்டிக்கொண்டு போனேன். அவள் அட்டையை மடியில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒரு வரிய விட்டுட்டிய."

"எதை?"

"ரெண்டு டாங்கும் திறந்திருக்கான்னு பாக்கணும்னு போட்டிருக்கு. நீங்க அந்தப் பக்கம் கையே கொண்டு போகல்லே."

பார்த்தேன். பெட்ரோல் குமிழ் ஒரு பக்கம் மட்டும் திரும்பியிருந்தது. அதனால் அன்று ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் குமிழைத் திருப்பிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன். தினமும் நூறு ரத்தக் குழாய்களில் பெயரும் எண்ணும் சரிபார்க்கிறவளுடைய கண் அது.

மேலே ஏறியதும் நகரம் காணாமல் போய்விட்டது. முதல் தடவை பார்க்கிற யாருக்கும் அதுதான் ஆச்சரியம். சாலை நெரிசலும் கடைவீதியும் எங்கே என்று தேட வேண்டும். தென்னை, தென்னை, எங்கு பார்த்தாலும் தென்னந்தலைகள். அதற்கு நடுவில் பத்மநாபசுவாமி கோவில் கோபுரம் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கடற்கரை ஓரமாகத் தெற்கே திருப்பினேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் பழுப்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டும் கலக்காமல், கோடு போட்ட மாதிரி நெடுந்தூரம் போயின. விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கப்பல் நின்றது. கரையிலிருந்து பார்த்தால் மலை மாதிரி தெரிகிற கப்பல். அதன் பக்கத்தில் மீன்பிடிப் படகுகள் சிந்திய அரிசி போலக் கிடந்தன. கிழக்கே அகஸ்தியர் மலை, இடுப்புவரை மேகம்.

அவள் பயந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, ஒரு பயணிகள் விமானம் வருகிறது, கடல்மேல் வட்டமடித்துக் காத்திருங்கள் என்றார்கள். இரண்டாவது வட்டத்தில் அது வந்தது. எங்களுக்குக் கீழே. கரையை ஒட்டி, வெள்ளை முதுகு வெயிலில் மின்ன, தன் நிழலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு தாழ்ந்து போனது. எத்தனையோ பேரைச் சுமந்து போகிற ஒன்றை நாங்கள் இரண்டு பேர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். அவ்வளவுதான்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: "நாப்பது வயசுல இது படிக்கலாமா?"

அவள் சேர்ந்தாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைப் பங்கு பிரித்துக்கொண்டோம். ஒரு வாரம் நான் பறப்பேன், அவள் வீட்டில். மறுவாரம் அவள். சண்டை குறைந்தது. கிளப்பில் மற்ற நாலு பேரும் எங்களைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து எனக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது. லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயம். ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர் மறுபடியும் எடுக்கச் சொன்னார். பிறகு இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். உயிருக்கு ஒன்றுமில்லை, மாத்திரையோடு நன்றாக இருக்கலாம், ஆனால் விமானம் ஓட்டக் கூடாது என்று முடிந்தது.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு மாதம் கிளப் பக்கம் போகவில்லை. அவள் அட்டையை வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். ஒருநாள் சொல்லியே விட்டேன்: "ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சது. நான் விட்டாச்சு. நீயும் விட்டுரு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க பறக்கும்போது நான் கீழ நின்னேன் அல்லே? எத்தன வருஷம்? அப்போ நான் விட்டுருங்கன்னு சொன்னேனா?"

நான் கட்டிலில் கிடந்த ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இந்த ஞாயிறு வாங்க. கிளப்புல சார் உங்கள கேட்டுட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போனேன். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எப்போதும் போல என் மனைவியும் அந்த விமானப்படை ஆசிரியரும் ஏறிப் போய், மூன்று தடவை இறங்கி ஏறினார்கள். நான்காவது தடவை விமானம் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் கதவைத் திறந்து கீழே குதித்தார். கதவைச் சாத்தி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எங்களை நோக்கி நடந்து வந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, அம்மா ஒற்றைக்காணோ?" என்றாள் மகள். அம்மா தனியாகவா என்கிறாள். பதற்றம் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூட மலையாளம்தான் வரும்.

"பேடிக்கேண்டா" என்றார் ஆசிரியர், அவளிடம் சொல்வதுபோல என்னைப் பார்த்து. "பயப்பட ஒண்ணும் இல்லா. என்னைக் காட்டிலும் கேர்ஃபுல் ஆணு." தன்னைவிட அவள் கவனமானவள் என்கிறார்.

விமானம் ஓடுபாதையின் முனைக்கு மெதுவாகப் போனது. திரும்பி நின்றது. வெகுநேரம் நின்றது. அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வருவது எனக்குக் கண்முன் தெரிந்தது. பிறகு ஓடத் தொடங்கியது. ஒரு ஆள் கனம் குறைந்ததால், நான் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பாகவே சட்டென்று தரையை விட்டுக் கிளம்பியது.

நானும் தனியாகப் பறந்திருக்கிறேன். ஆனால் உள்ளே இருக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது, செய்வதற்குக் கைநிறைய வேலை இருக்கும். கீழே நிற்கிறவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. பதினாறு வருடமாக என்னோடு இருக்கிற மனுஷி, காலையில் தோசை திருப்பிய கையோடு வந்தவள், அந்த அலுமினியக் கூட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தாள். அவளைத் தாங்க அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. ஊரில் யாராலும் அந்த நேரத்தில் அவளுக்கு உதவ முடியாது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. விமானம் கடல் பக்கம் திரும்பிச் சின்னதாகி, வெயிலில் ஒரு புள்ளியானது. அதற்குள் என் வீட்டின் பாதி இருந்தது. நான் கைகூப்பியிருந்தேன் என்பதை மகள் பிறகுதான் சொன்னாள்.

கேன்டீன் மேசையில் இருந்த வயர்லெஸ் பெட்டியில் அவள் குரல் வந்தது. இறங்க வருகிறேன் என்கிற ஒரு வரி ஆங்கிலம். ஆஸ்பத்திரி போனில் ரிப்போர்ட் வாசிக்கிற அதே நிதானம். தென்னைகளுக்கு மேலே விளக்கு தெரிந்தது, பிறகு இறக்கை. ஒரு தடவை லேசாகத் துள்ளி, உட்கார்ந்து, ஓடி நின்றது. ஏழு நிமிடம் என்று ஆசிரியர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

முதல்முறை தனியாகப் பறந்து வந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது கிளப் வழக்கம். மகள்தான் ஊற்றினாள். நனைந்த சேலையைப் பிழிந்தபடி, அல்ல, அன்று அவள் சுடிதார் போட்டிருந்தாள், துப்பட்டாவைப் பிழிந்தபடி என் முன்னால் வந்து நின்றாள். பல் தந்தியடித்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பக்கத்து சீட்டைப் பாத்தேன். காலி. அப்பந்தான் மனசு ஒருமாதிரி ஆச்சு. பெறவு ஒண்ணும் இல்ல, வேலை கெடந்துது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எவ்வளவு பெருசு இல்லியா, எல்லாம்?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறு ஞாயிறே தரை வேலையில் என் பெயரை எழுதச் சொன்னேன். இப்போது முறைப் பட்டியல் போடுவது நான்தான். கொட்டகையிலிருந்து விமானத்தைத் தள்ளுகிறேன், கண்ணாடி துடைக்கிறேன். போன டிசம்பரில் அவளுக்கு லைசென்ஸ் வந்தது. பயணியாகப் போக எனக்கு எந்தத் தடையும் இல்லை.

சென்ற வாரம் அவள் ஓட்ட, மூன்று பேரும் போனோம். கோவளத்துக்கு அப்பால், கண்ணாடி மாதிரி கிடந்த கடலில் முதலில் மகள்தான் பார்த்தாள். ஓங்கில்கள், டால்பின்கள்தான். பத்துப் பதினைந்து இருக்கும், கூட்டமாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. மேலிருந்து பார்த்ததால், அவை தண்ணீரைக் கிழித்து எழும் முன்பே, ஆழத்திலிருந்து வெளிறி மேலே வருவது தெரிந்தது. விமானம் கடந்து போனதும், நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அவை மறைந்துவிட்டன.

"உங்களுக்குத் தெரியல்லியா? இருங்க, ஒரு சுத்து சுத்துதேன்" என்று சொல்லி, அவள் என் பக்கத்து இறக்கையை மெல்லத் தாழ்த்தினாள்.