நோகாமல் போன முன்பற்கள்

போன செவ்வாய்க்கிழமை பல் கிளினிக்கில் காக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காக்கா என்றால் என் மூத்த சகோதரர். கல்முனையில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ். நோன்பு மாதத்துத் தராவீஹ் தொழுகையில் அவர் ஓதுவதைக் கேட்கவென்றே மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இந்தப் பெருமையெல்லாம் எனக்குத்தான்... அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

அவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது வலி அல்ல. விடிகாலை ஸுபஹ் தொழுகையில் ஓர் எழுத்து வழுக்கிவிட்டது.

அரபியில் சில எழுத்துகள் உண்டு. நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் அவை சரியாக வரும். அந்தப் பல்லே ஆடினால்? பின்னால் நின்ற எனக்கே வித்தியாசம் கேட்டது, அவருக்குக் கேட்காதா? தொழுகை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, முன்பல்லு ரெண்டும் ஆடுது. ஓத ஏலாம இரிக்கு" என்றார். அவர் குரலில் அப்படியொரு பயத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

டொக்டர் பாண்டிருப்புப் பெண். பொறுமையானவர். மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் — ஈறு என்று புத்தகத்தில் போடுவார்களே, அதற்கும் — இடையில் விட்டுப் பார்த்தார். கம்பி போய்க்கொண்டே இருந்தது.

"மௌலவி, முரசால ரெத்தம் வாறல்லியா?"

"முந்தி வந்தது. பிறகு நிண்டுட்டு."

"எப்படி நிண்டது?"

"பிரஷ் பண்றத விட்டன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்பில், பல் துலக்கும்போது இரத்தம் வந்திருக்கிறது. எச்சிலோடு விழுங்கிவிட்டால் நோன்பு முறிந்துவிடுமே! பேணுதலான மனிதர் பயந்துவிட்டார். பிரஷ்ஷை எடுத்து வைத்துவிட்டார். நோன்பு திறந்த பிறகு துலக்கியிருக்கலாம், விடியுமுன் ஸஹர் உணவு சாப்பிட்டுவிட்டுத் துலக்கியிருக்கலாம், மார்க்கம் எதையும் தடுக்கவில்லை. ஆனால் பிரஷ் போனதும் இரத்தமும் போய்விட்டது அல்லவா? அதனால் குற்றவாளி பிரஷ்தான் என்று தீர்ப்பாகிவிட்டது! மிஸ்வாக் குச்சியால் முன்பக்கம் மட்டும் மெல்ல ஒரு தடவல். பெருநாள் வந்தது, போனது. பிரஷ் மட்டும் திரும்பி வரவில்லை.

காக்காவின் மனைவி, என் மதினி, எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். பல்லைக் கிளீன் பண்ணிக்கொண்டு வாங்க என்று. ஊர் விட்டதா? "கிளீன் பண்ணினா உள்ள பல்லும் ஆட்டங் கண்டுரும்" என்று பள்ளிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். மற்ற எந்த விசயத்தில் இவர்கள் ஒருமுகமாக இருந்திருக்கிறார்கள்?

டொக்டர் விளக்கினார். "ரெத்தம் நிக்கல்ல மௌலவி. பிரஷ் படாததால ஒங்களுக்குத் தெரியல்ல. அழுக்கு கல்லாகி முரசுக்குள்ள இறங்கிட்டு. பல்லைப் புடிச்சிரிக்கிற எலும்பு கரைஞ்சிட்டு. இவ்வளவு நாளும் கல்லுதான் பல்லை ஆடாம வெச்சிருந்தது. ஒங்களுக்குச் சீனி வருத்தமும் இரிக்கு, அதான் கெதியாக் கூடியிரிக்கு."

"அப்ப ஏன் ஒருக்காவும் நோகல்ல?"

"கனபேருக்கு இது நோகாது. அதுதான் இதின்ட கெட்ட குணம்."

முதல் இரத்தம் கண்ட நாளிலேயே வந்து கல்லை எடுத்து, ஒழுங்காகத் துலக்கியிருந்தால் முரசு பழையபடி ஆகியிருக்குமாம். இப்போது கரைந்த எலும்பு திரும்பாது. மற்றப் பற்களை முரசின் அடிவரை சுத்தம் செய்து, சீனியை, அதாவது சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தி, ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தால் காப்பாற்றலாம். முன்பற்கள் இரண்டும் போகத்தான் வேண்டும்.

காக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கட்டுப்பல் போட்டா ஓதலாமா டொக்டர்?"

"கதைக்கலாம். பழகினா ஓதவும் ஏலும். ஆனா பழைய மாதிரியே வருமெண்டு என்னால சொல்ல ஏலாது."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாள் சீனி பார்த்துவிட்டு இரண்டையும் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வாயைச் சால்வையால் மூடிக்கொண்டே வந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நமக்கு நோவு வந்தால்தான் நோய். கால் வீங்கினால் ஓடுகிறோம், காய்ச்சலென்றால் ஓடுகிறோம். வாயிலிருந்து தினமும் இரத்தம் வருகிறது, துப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம்! உங்கள் எச்சிலில் சிவப்பு தெரிகிறதா? பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள், மெல்லத் துலக்கிக்கொண்டே பல் டொக்டரிடம் போங்கள். எழுதிவிட்டேன். காக்காவின் முன்பற்களுக்கு இனி இது உதவாது.

வெள்ளிக்கிழமை ஸுபஹ். தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொன்னதும் காக்கா தொழுவிக்க முன்னே போக வழக்கம்போல் சனம் வழிவிட்டது. அவர் போகவில்லை. பக்கத்தில் நின்ற மதரசா மௌலவியின் தோளைப் பிடித்து முன்னுக்கு அனுப்பிவிட்டு, வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றார். மௌலவி நன்றாகத்தான் ஓதினார். முதல் அத்தியாயமான பாத்திஹா முடிந்ததும் பள்ளி முழுவதும் ஒரே குரலில் ஆமீன் சொன்னது.

ஆமீன் சொல்ல முன்பல் தேவையில்லை. காக்கா அதையும் சொல்லவில்லை.