நான் மாற்றிக்கொடுத்த சீட்டு

எழுதுகிற தகுதி எனக்குக் கிடையாது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். குடவாசலில் ஓர் உரக்கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். நான் எழுதுவதெல்லாம் மருந்து வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் துண்டுத்தாள்தான். டேங்குக்கு இரண்டு மூடி, வெயில் தாழ்ந்து அடிக்கவும், இவ்வளவுதான். முழுப்பக்கம் எழுதுவது இதுவே முதல் தடவை. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் இதை எழுதும் அவசியமே வந்திருக்காது.

எங்கள் பக்கம் பூச்சிக்கொல்லியை மருந்து என்றுதான் சொல்வோம். நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களை ஒரு மருந்துக் கம்பெனி அழைத்திருந்தது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் காவிரிக்கரையை ஒட்டி ஒரு பழைய நெல் குடோனை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஒருநாள் கூட்டம். என் முதலாளிக்கு முட்டிவலி.

"நீயே போய்ட்டு வாய்யா. பிரியாணி போடுவான், தின்னுட்டு ஓரமா உக்காந்துட்டு வா. உன்னை யாரு மைக்கப் புடிக்கச் சொன்னா?" என்றார்.

என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். கடையில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு வார்த்தை தடுக்கும். கல்யாணத்தில் மொய் வைக்கக்கூட கூட்டம் குறைந்த பிறகுதான் போவேன்.

கும்பகோணத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். காலையில் கம்பெனிக்காரர் புது மருந்தைப் பற்றிப் பேசினார். மாதிரி பாட்டில்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்ப்பது எங்கள் பழக்கம். கூடாது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் வெறும் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டோம்.

சாப்பிட்டதும் தூங்கிவிடக் கூடாது என்று ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். அதை நடத்த சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். விளையாட்டு இதுதான். பதினொரு பேர் ஒரு வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் கொலை செய்யப்படுகிறார். கொலைகாரன் மற்ற பத்துப் பேரில் ஒருவன். ஒரு மணி நேரத்துக்குள் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். செல்போன்களை எல்லாம் ஒரு கூடையில் வாங்கிக்கொண்டாள். பானைக்குள் கையை விட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னாள். வேஷத்தைப் படித்ததும் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது.

என் சீட்டோடு சிறு பொட்டலம் ஒன்று பின் குத்தியிருந்தது. 'நீங்கள்தான் கொலைகாரன். யாரும் பார்க்காதபோது இந்தச் சர்க்கரைத் தூளை மிராசுதாரின் மோரில் போடவும். கடைசி வரை மறுத்துப் பேசவும்.'

ஒன்பது பேர் கேள்வி கேட்பார்கள், நான் மறுத்துப் பேச வேண்டும்! பக்கத்தில் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருந்தவர். காலையில் டீ வாங்கும்போது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான் பழக்கம். அவர் காதருகில் போய், மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

அவர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, கொலகாரன் வேஷத்தப் போய் விடுவாங்களா? எனக்கு அல்வா மாதிரிண்ணே. எங்க வூட்டுல கேட்டுப் பாருங்க, பொய் சொல்றதுல நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு. என்னோடது சமையக்காரன். நீங்க சும்மா நின்னாப் போதும்."

மாற்றிக்கொண்டோம். இரண்டு சீட்டும் பெட்டிக்குள் போயின. பெட்டியை அந்தப் பெண் வெளியே எடுத்துப் போனாள். ஷட்டரை இறக்கிப் பூட்டினார்கள்.

குடோனுக்குள் உயரத்தில் காற்றுப்போக்கி மட்டும்தான், ஜன்னல் கிடையாது. சுவரில் அழகுக்காகப் பழைய சாமான்களை மாட்டியிருந்தார்கள். கதிர் அரிவாள், உலக்கை, மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கி. ஒரு மூலையில் ஸ்பீக்கர் இருந்தது. அந்தப் பெண் வெளியிலிருந்தபடி அதில் பேசுவாள். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியாது, வெறும் சத்தமாகத்தான் கேட்கும்.

மிராசுதார் சீட்டு விழுந்தது நீடாமங்கலத்துப் பெரியவருக்கு. அறுபத்தைந்து இருக்கும். அவருக்கு ஒரு சரிகைத் துண்டு கொடுத்திருந்தார்கள். "எங்க பாட்டன் மிராசு வயல்ல நாத்து நட்டாரு. பேரன் நானே மிராசுதாரா வந்திருக்கேன், எல்லாரும் எந்திரிங்கடா" என்று மீசையை முறுக்கினார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று சிரித்தோம். தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்கு இன்ஸ்பெக்டர் வேஷம். ஆள் நல்ல உயரம், கனம். காக்கித் தொப்பியை வைத்ததும் குரலே மாறிவிட்டது. "எவனும் நகரக் கூடாது" என்றார். அதற்கும் சிரித்தோம்.

பெரியவர் மோரைக் குடித்தார். "என்னய்யா இது, மோரு தித்திக்குது? எந்த ஊரு பழக்கம்?" என்று பாதி டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, விதிப்படி, செத்து விழுந்தார்.

நன்றாக விழுந்தார் என்றுதான் எல்லோரும் கைதட்டினோம். கை தட்டி முடிப்பதற்குள் அவர் கால்கள் வெட்டி இழுத்தன. கண் மேலே செருகியது. பல் கிட்டித்து, வாயோரம் நுரை வந்தது. வேட்டி நனைந்தது.

பதினொரு பேரும் மருந்துக் கடைக்காரர்கள். மருந்தைக் குடித்துவிட்டு வாயில் நுரையோடு கட்டிலில் தூக்கிவரப்பட்டவர்களை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் வலிப்பு என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பார். எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. "மருந்துய்யா!" என்று நாலைந்து குரல் ஒரே சமயத்தில் எழுந்தது.

இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "மருந்து வாடை அடிக்குது" என்று அடுத்தவரிடம் நீட்டினார். அவரும் மோந்து, ஆமாம் என்றார். காலையிலிருந்து எங்கள் எல்லோருடைய கையிலும் மருந்து. அந்தக் கையால் எதைத் தூக்கி மூக்கருகில் கொண்டுபோனாலும் அந்த வாடைதான் அடிக்கும். அது எனக்கே பிறகுதான் உறைத்தது.

"நான் பாத்தேன்! இவன்தான் மோருல வெள்ளையா ஒண்ணக் கொட்டுனான்" என்று பாபநாசத்துக்காரர் ஒருவர் கையை நீட்டினார்.

திருத்துறைப்பூண்டிக்காரர் இன்னும் விளையாட்டில்தான் இருந்தார். "நானா? பாத்தியாய்யா நீ?" என்று சிரித்துக்கொண்டே மறுத்தார். சீட்டு அப்படித்தான் சொன்னது. முதல் அறை அந்தச் சிரிப்பின் மேல் விழுந்தது. உதடு கிழிந்தது.

"யோவ், சர்க்கரைய்யா அது! சீட்டுல குடுத்தாங்க!"

"சீட்டுல சர்க்கரதான் குடுத்தாங்க. நீ என்னத்தப் போட்ட? நீயும் கடை வச்சிருக்கறவன்தானே?"

ஷட்டரைப் போட்டு இடித்தார்கள். நானும் இடித்தேன். ஸ்பீக்கரில் அந்தப் பெண் சிரித்தாள். "சார், சூப்பர் சார்! தட்டுனா திறக்க மாட்டோம். கொலைகாரனைக் கண்டுபிடிங்க, இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு!"

வாந்தி வரவைக்கப் பெரியவருக்குச் சோப்புத் தண்ணீர் கரைத்து ஊற்ற வேண்டும் என்று ஒருவர் துடித்தார். கழிப்பறை வெளியே இருந்தது. உள்ளே சோப்பு இல்லாததால்தான் பெரியவர் பிழைத்தார்; பல் கிட்டித்த வாயில் ஊற்றியிருந்தால் மூச்சடைத்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் சுவரிலிருந்து கொக்கியைப் பிடுங்கினார். கம்பியோடு வந்தது. அவர் கெட்ட மனிதர் என்று இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை. அவர் கண்ணில் நீர் வழிந்தது. "பேரச் சொல்லுடா! எந்த மருந்துன்னு பேரச் சொல்லு! பேரு தெரிஞ்சாத்தான்டா ஆஸ்பத்திரில மாத்து மருந்து குடுக்க முடியும்! பெரிய மனுசன் சாவுறாருடா!"

"சர்க்கரைங்க... சத்தியமாச் சர்க்கரைங்க..."

கொக்கி திருத்துறைப்பூண்டிக்காரர் தோளில் இறங்கியது. நெல் மூட்டையில் இறங்கும்போது வருகிற அதே சத்தம். இழுத்தபோது சட்டையும் சதையும் சேர்ந்து வந்தன. அவர் கத்திய கத்தலுக்கு ஸ்பீக்கரில் கைதட்டல் கேட்டது.

இந்த இடத்தில் நான் எங்கே நின்றேன் என்று எழுத வேண்டும். மூன்று முழம் தள்ளி, சுவரோரம். பொட்டலம் என்னுடையது என்று சொன்னால் போதும். வாய் வரவில்லை. கூச்சம் என்று எழுதினால் பாதிப் பொய். சொன்னால் அந்தக் கொக்கி என் பக்கம் திரும்பும் என்று தெரிந்தே நின்றேன். அவர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். 'இவர் கொடுத்ததுதான்' என்று கையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். காலால் உதைத்தார்கள். விலா எலும்பு முறிவது கேட்டது. ஒருவர் கையை மிதித்து விரல்களைத் திருகினார். திருகும்போதும் அதே கேள்விதான். பேரென்ன, பேரென்ன. கடைசியில் அவர், அடி நின்றால் போதும் என்று, கடையில் நாங்கள் பூட்டி வைத்து விற்கிற ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார்.

ஒரு கணம் எல்லோரும் நின்றார்கள். அவர் தப்பித்தார் என்று நான் நினைத்தேன். ஆனால் அந்த மருந்துக்கு மாற்று கிடையாது என்பது அந்தக் குடோனில் எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ கொன்னே போட்டியாடா!" என்று பாபநாசத்துக்காரர் உலக்கையை எடுத்தார். பூண் போட்ட முனை. ஒரே ஒரு அடிதான், காதுக்கு மேல்.

அப்போதுதான் என் கால் நகர்ந்தது. இப்போதும் வாய் வரவில்லை. டம்ளரில் மீதியிருந்த மோரைத் தூக்கி, எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் குடித்தேன். அடியில் கரையாமல் கிடந்ததை விரலால் வழித்து நக்கினேன். பிறகு குரல் வந்தது.

"எனக்கு வந்த சீட்டுங்க. நான்தான் அவருகிட்ட மாத்திக் குடுத்தேன். சர்க்கரதாங்க. தித்திக்குதுங்க."

உலக்கையை அவர் கீழே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எல்லோருமே என்னைச் சுற்றி நின்று, எனக்கு எப்போது நுரை வரும் என்று பார்த்தார்கள். ஒருவர் என் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். வேர்த்திருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டார். நான் ஒருபோதும் அவ்வளவு பேர் நடுவில் நின்றதில்லை.

முதலில் அசைந்தது பெரியவர். புரண்டு படுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஈர வேட்டியைத் தொட்டுப் பார்த்து வெட்கப்பட்டார். "மாத்திரை போட மறந்துட்டேன். எப்பவாச்சும் இப்படி வரும்ங்க" என்றார். கொஞ்சம் தெளிந்ததும் தரையைப் பார்த்தார். "யாருக்குங்க ரத்தம்? இதுவும் விளையாட்டா?"

அதற்குப் பிறகு ஷட்டரை இடித்தது போல் நாங்கள் எதையும் இடித்ததில்லை. இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் தோளால் இடித்து இடித்துத் தன் தோள்பட்டையைப் பிசகவைத்துக்கொண்டார். "அம்மா, நெசமாவே அடிபட்டிருக்கும்மா, தொறம்மா" என்று கும்பிட்டுக்கொண்டே அழுதார். "செம ஃபீல் சார்!" என்றாள் அந்தப் பெண். ஒரு மணி நேரம் முடிந்த பிறகுதான் ஷட்டர் ஏறியது. அதுவரை அடிபட்டவர் தலை என் மடியில் இருந்தது. சரிகைத் துண்டை அழுத்திப் பிடித்திருந்தேன். ரத்தம் சூடாக விரலிடுக்கில் வந்துகொண்டே இருந்தது. ஒரு கண் மட்டும் திறந்தது.

"அண்ணே," என்றார், "உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இல்லப்பா."

"சர்க்கரதானே?"

"சர்க்கரதான்."

வேனில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு அவர் இறந்துபோனார். கொக்கி எடுத்தவரையும் உலக்கை எடுத்தவரையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. என்னிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். குடோனில் என் வாயால் கேட்டவர்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது, போலீஸ் சீட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. இறந்தவருடைய மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சீட்டு மாற்றியதை நான் போலீசிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் ஊருக்கு வந்தேன்.